மச்சான் நின்ற இடம்

உப்பூருக்கு மேற்கே சீமைக்கருவேலங்காட்டில் சிக்னல் கிடையாது. அதனால் மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொண்டேன். ஓடிப்போன ஆட்டைத் தேடி உள்ளே நுழையுமுன், பைக் நின்ற இடத்தை அதில் குறித்துவைத்தேன். காவலுக்கு என் மனைவியின் அண்ணன் நின்றார்.

ஆட்டோடு திரும்பினேன். போன் குறித்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. பைக்கும் இல்லை, மச்சானும் இல்லை. கத்தினேன்.

“இங்கன வாங்க மாப்ள!” என்று தூரத்தில் குரல் கேட்டது. “வெயில்ல சீட்டு கொதிக்குது. ஒத்தப்பனை நிழலுக்குத் தள்ளிட்டு வந்துட்டேன்.”

ஆட்டைவிட மச்சானைத் தேடத்தான் அதிக நேரமானது.

அடுத்த வாரமும் ஆடு ஓடியது. இந்த முறை உச்சிவெயிலில் பனையடியிலேயே பைக்கை விட்டு, அங்கேயே குறித்தேன். சாயங்காலம் திரும்பினால், பனையின் நிழல் கிழக்கே வெகுதூரம் நீண்டு கிடந்தது. அதன் நுனியில், பைக்கோடு, மச்சான்.