வால்வண்டி அக்கா வீட்டுக்குப் பெட்டி போன நாள்

சிவகாமி அக்கா போய்விட்டாள் என்ற செய்தியும், பெட்டியை யார் கொண்டுவருவது என்ற கேள்வியும் எனக்கு ஒரே போனில்தான் வந்தன. சாலைக் கடைத்தெருவில் நான் கணக்குப் பார்க்கும் மளிகைக் கடையில் இருந்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் மணி அண்ணன் கூப்பிட்டார். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். கனடாவிலிருந்து மகன் வந்துசேர நாளை மறுநாள் ஆகும். அதுவரை உடலைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சங்கத்தின் குளிர்பெட்டி ஒரு டிரெய்லரில் இருக்கிறது. அந்த டிரெய்லரை இழுக்கும் கொக்கி அக்காவின் எஸ்.யு.வி.யில்தான் இருக்கிறது. அதை ஓட்டுகிறவளோ கட்டிலில் கிடக்கிறாள். "செல்வி, நீதானே எப்பவும் அவ கூடப் போவே? இப்ப என்ன செய்ய?" என்றார் அண்ணன். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இப்படியா ஒருத்தி முன்னறிவிப்பு இல்லாமல் கிளம்புவாள்?

அவளைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதையாக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்வதுபோல இருந்தது. 'அவள்' என்றே இருக்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறேன். அக்காவும் அப்படித்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, வீட்டில் நாற்காலிகள் எல்லாம் குத்துகின்றன என்று சொன்னவள்.

இந்தப் பெட்டி வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியாது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், இறந்த அன்று நல்ல மழை. வாடகைக்குச் சொன்ன குளிர்பெட்டி வந்தபாடில்லை. மகன் அன்றும் விமானத்தில்தான் இருந்தான். யாரோ உதவி செய்கிறேன் என்று ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடற்கரைப் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ். வாழ்நாளில் வெங்காயத்தைக்கூட யோசித்துத் தின்ற மனிதரைச் சுற்றி மீன் வாடை. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றது. அக்கா மட்டும் உள்ளே அவர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினாறு கழிந்ததும் சங்கக் கூட்டத்துக்கு வந்தாள். "இனி இந்தத் தெருவுல ஒருத்தரும் ஐஸுல கிடக்கக் கூடாது, கேட்டீங்களா" என்றாள். பெட்டி வந்தது, அதை வைக்க டிரெய்லர் வந்தது.

கொக்கியில்தான் முதல் கோளாறு. அக்காவுக்கு எதுவும் அன்றைக்கே நடந்தாக வேண்டும். ஒரு வொர்க்‌ஷாப்பில் போய், சாயங்காலத்துக்குள் மாட்டிக் கொடு என்று நின்றாள். அவசரப்படுத்தினால் அவன்தான் என்ன செய்வான்? பின்பக்கத்துப் பம்பரிலேயே முடுக்கிக் கொடுத்துவிட்டான். கரமனைப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம். வண்டி திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால், டிரெய்லரும் பம்பரும் நடுரோட்டில் நிற்கின்றன, நாங்கள் மட்டும் முன்னால் போகிறோம். பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. எனக்கு மானம் போனது. அக்கா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "காலிப் பெட்டியா இருக்கும்போதே கழண்டுச்சே. நல்ல புத்தியுள்ள பெட்டிதான்டி" என்றாள்.

அடுத்த தடவை அவள் வொர்க்‌ஷாப்பைவிட்டு நகரவில்லை. பழைய சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்துப் பார்த்தாள். அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சேஸிஸ் சட்டங்களிலும் ஓட்டை போட்டு, கனமான போல்ட்டுகளில் கொக்கியைப் பிடித்தார்கள். டிரெய்லரின் மூக்கும் கொக்கியின் இரும்பு உருண்டையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள். "பம்பர் பவுடர் மாதிரிட்டி, மேல அழகுக்கு. எலும்புலதான் பிடிக்கணும்" என்றாள். ஊரில் வால்வண்டி அக்கா என்று பேர் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்தப் பெட்டி போனது எதிர்வீட்டு ராஜம் மாமியின் கணவருக்கு. எங்கள் தெருவில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. முனையிலிருந்தே ரிவர்ஸில் வர வேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது பேய்க்கூத்து. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் போகும். நான் பின்னால் நின்று, எல்லோரும் செய்வதுபோல, "வா, வா, வா" என்று கத்திக்கொண்டே கூட்டிவந்தேன். வாசலில் இருந்து மாமி ஆவேசமாக இறங்கி வந்தாள். "துக்க வீட்டு வாசல்ல நின்னுண்டு வா வான்னு கூப்பிடறியே, இன்னொண்ணு வரணுமாடி?" என்றாள். சாவு வீட்டில் கிளம்பும்போதே 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. நான் சாவுப் பெட்டியையே வா என்று வருந்தி அழைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அக்கா ஒரு வழி வைத்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. டிரெய்லரின் தகரத்தில் உள்ளங்கையால் தட்ட வேண்டும். விட்டுவிட்டுத் தட்டினால் வரலாம், சேர்த்துத் தட்டினால் நிற்க வேண்டும். எத்தனை வீடுகளுக்குப் போயிருப்போம்! நான் தட்ட, அவள் வர, ஒரு சொல் இல்லாமல் வண்டி வாசலில் வந்து நிற்கும். டிரெய்லரோடு நீயும் ஓட்டிப் பழகு என்று ஓயாமல் சொல்வாள். எனக்கு வேண்டாம் என்று ஓயாமல் மறுப்பேன். சண்டைகூடப் போட்டிருக்கிறோம். "கையை ஸ்டியரிங்குக்கு அடியில பிடி. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளு. அவ்வளவுதான்டி, இதுக்கா இந்தப் பயம்?" என்பாள்.

ஒருமுறை மலைப்பக்கம் ஒரு வீட்டில் வேலை முடிந்து திரும்பும்போது கல்லாற்றில் சாயா குடிக்க நிறுத்தினோம். பொன்முடிக்குப் போகிற கூட்டம். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டியைப் பார்த்து ஒருவர் ஆவலோடு வந்து, "ஐஸ்கிரீம் உண்டோ சேச்சி?" என்றார். அக்கா ஒரு வாய் சாயா குடித்துவிட்டு, இருக்கிறது, ஆனால் உனக்கு இப்போது வேண்டாம் மகனே என்று மலையாளத்தில் சாந்தமாகச் சொன்னாள். எனக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்தது. சாவோடு தினம் போய்வந்தவள் சாவைப் பார்த்து முகம் சுளித்து நான் கண்டதில்லை.

வேறு பெட்டியே ஊரில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு போன் செய்தால் வரும். மணி அண்ணனும் அதைத்தான் சொன்னார். அத்தனை வீடுகளுக்கும் அவள் கொண்டுபோன பெட்டி மணக்காட்டில் சங்கத்தின் ஷெட்டில் சும்மா நிற்க, அவளை வாடகைப் பெட்டியிலா கிடத்துவது? முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு வெறும் வண்டிதான் ஓட்டத் தெரியும், டிரெய்லரோடு ஒருதரம்கூட ஓட்டியதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அவள் வண்டியிலேயே மணக்காட்டுக்குப் போனேன். டிரெய்லரின் மூக்கை உருண்டைமேல் இறக்கிப் பூட்டினேன். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினேன். விளக்கு வயரைச் செருகினேன். அவள் செய்வதுபோலவே பிடித்துத் தூக்கி ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன். ரோட்டில் மெதுவாக வந்தேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்று. தெருமுனை வந்தது. ரிவர்ஸ் போட்டேன். அவ்வளவுதான், வால் மடங்கிக் கரண்ட் கம்பத்தைப் பார்த்துப் போனது. முன்னால் எடுத்து மறுபடி வந்தேன், இப்போது சாக்கடைப் பக்கம். பின்னால் நின்றவர்களுக்குத் தட்டத் தெரியவில்லை. ஒருவர் நில் என்று தட்டுகிறார், இன்னொருவர் வரலாம் என்று தட்டுகிறார். வா என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்குள்ளே அவள் கிடக்கிறாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசியில் அழுதுவிட்டேன்.

அப்போது ராஜம் மாமி வாசற்படி இறங்கி வந்தாள். இப்போது முன்போல நடக்க முடிவதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டிரெய்லருக்குப் பின்னால் நடுத்தெருவில் நின்றாள். "அழாதேடி. நான் சொல்றேன், நீ பார்த்து எடு" என்றாள். பிறகு கையை நீட்டி, "வா... வா..." என்றாள். மணி அண்ணன் பதறி, மாமி, சொல்லக் கூடாதே என்று தடுக்கப் பார்த்தார்.

"இவளுக்குச் சொல்லலாம்டா" என்றாள் மாமி. "இவ திரும்பி வந்தா யாருக்கு என்ன கெடுதல்?"

கையை ஸ்டியரிங்குக்கு அடியில் பிடித்தேன். தள்ளினேன். வால் நேரானது. "வா" என்று மணி அண்ணனும் சொன்னார். இரண்டு பக்கத்து வாசல்களிலும் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தெரு முழுக்க வா, வா என்று கூப்பிட, பெட்டி அவள் வாசலில் போய் நின்றது.

மகன் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தூங்குகிறவள் போலத்தான் இருந்தாள். காரியமெல்லாம் முடிந்தபின், வண்டி தெருவுக்கே இருக்கட்டும் என்று சாவியை என் கையில் கொடுத்தான். அந்தச் சாவி இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதுவும், ஸ்டியரிங்குக்கு அடியில் பிடிக்கத் தெரிந்துகொண்ட இந்தக் கையும்தான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம். ராத்திரி பகல் எப்போது போன் அடித்தாலும் இனி நான்தான் போக வேண்டும்.

அவளை எடுத்த அன்றே, டிரெய்லரைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோக அவள் வாசலில் இருந்து கிளம்பினேன். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் வர வேண்டும். எனக்கும் தெரியும். கண்ணாடியை இறக்கி, திறந்து கிடந்த வாசலைப் பார்த்து, "வாறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.