டொக்டர் அக்காவும் மேசையின் மறுபக்கமும்

ஜேர்மனியின் கொலோன் நகரில் என் வீட்டுக்குக் கீழ்த் தளத்தில் ஓய்வுபெற்ற சேர்ஜன், அதாவது சத்திரசிகிச்சை டொக்டர், ஒருவர் இருக்கிறார். பெயர் கனகேஸ்வரி. வயது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் அவர் ‘டொக்டர் அக்கா’.

போன மாதம் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன்... போன்.

“தம்பி, விழுந்துபோனன். வலது கால் நீளம் குறைஞ்சு கட்டையாப் போச்சு, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்குது. தொடையெலும்பு முறிஞ்சிட்டுது. அம்புலன்ஸுக்குச் சொல்லிப்போட்டன். நீர் வந்து கதவைத் திறந்துவிடும்.”

விழுந்தால் நமக்கெல்லாம் ‘ஐயோ’ வரும். இவருக்கு ரிப்போர்ட் வருகிறது!

மாற்றுச் சாவியோடு ஓடினேன். சமையலறைத் தரையில், முகம் வெளுத்துக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அக்கா சொன்னதேதான். குதிரைவால் கொண்டை போட்ட ஓர் இளம் பெண் சேர்ஜன் வந்து விளக்கினார். இன்றைக்கே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். இந்த வயதில் அது ஆபத்து. செய்யாமல் படுத்துக் கிடந்தால் அதைவிட ஆபத்து.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். என்னைவிட நன்றாக ஜேர்மன் பேசுபவர், திடீரென்று தமிழுக்கு மாறினார்.

“தம்பி... இந்தப் பிள்ளையோ வெட்டப்போகுது? ஆரும் பெரிய ஆம்பிளை டொக்டர் இல்லையோ எண்டு கேளும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டவர் யார் தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் தன் ஆஸ்பத்திரியின் முதல் பெண் சேர்ஜன்! “பொம்பிளை வெட்டுறதோ? ஆம்பிளை டொக்டரைக் கூப்பிடுங்கோ” என்று கத்திய ஒரு தகப்பனை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் மகனின் வெடித்த குடல்வாலை எடுத்துக் காப்பாற்றியவர்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தபோது வயது ஐம்பது. படித்ததெல்லாம் செல்லாது என்றார்கள். மொழி படித்து, பரீட்சை எழுதி, மகன் வயதுப் பையன்கள் வெட்ட, பக்கத்தில் வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலிருந்து மறுபடி தொடங்கினார். சிறு துளை போட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை புதிதாக வந்தபோது, “டிவி பார்த்துக்கொண்டு பித்தப்பை எடுப்பதா?” என்று மூத்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஜேர்மன் ஆஸ்பத்திரியில் அதை முதலில் கற்றுக்கொண்டவர், ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த அக்காதான்.

அப்படிப்பட்டவர் கேட்கிற கேள்வியா இது?

“என்ன சொல்கிறார்?” என்றார் இளம் டொக்டர். நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிப்பதற்குள், அக்காவே ஜேர்மனில் உடைத்துவிட்டார் – கேட்டது என்ன, கேட்டவர் யார், எல்லாம்.

அந்தப் பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “இதை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் சேர்ஜன் கேட்பது இதுதான் முதல் தடவை.”

அக்கா சிரித்தார். சிரித்ததில் கால் வலித்து முனகினார். பிறகு குரல் இறங்கியது.

“பயமாக் கிடக்குது, தம்பி. இவ்வளவு காலமும் நிண்டுகொண்டெல்லோ பார்த்தனான். படுத்துக் கிடக்கேக்க சீலிங் மட்டும்தான் தெரியுது.”

துணிச்சல், முற்போக்கு எல்லாம் நிற்கும்போது சுலபம். படுக்கவைத்துப் பாருங்கள்... நமக்குள் யார் யாரெல்லாம் ஒளிந்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியும்!

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, திருப்பி, விரல்களைப் பார்த்தார். பிறகு ஜேர்மனில் சொன்னார்: “செய்யுங்கள்.”

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் கோப்பி மெஷினுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். பழைய இதயம். தாங்குமா?

கடைசியில் இளம் டொக்டர் முகக்கவசத்தை இறக்கியபடி வந்தார். கண்ணில் சிரிப்பு.

“நன்றாக இருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே அடுத்து எந்தக் கருவி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். நாங்கள் திருத்தவில்லை!”

இப்போது அக்கா முதியோர் ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். போன வாரம் செக்கப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரும்பும்போது காரில் கேட்டேன்:

“எப்பிடி அக்கா, பிள்ளை நல்லாச் செய்திருக்கிறாவோ?”

“ஓம், ஓம். சரியான கெட்டிக்காரி. தையலும் நல்ல வடிவு.”

சிக்னலில் கார் நின்றது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் வடிவா இருந்திருக்கும்.”