செவ்வாய்க்கிழமைக் கார்

எங்கள் கார் என்னைவிட மூன்று மடங்கு மூத்தது. வாயில்லாச் சீவன் என்று அப்பா அதற்காகப் பரிந்து பேசுவார். எனக்குத் தெரிய, புத்தூரிலேயே அதிகம் வாயடித்தது அதுதான்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்த வருடம் அது. செவ்வாய்தோறும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். மூன்றாவது செவ்வாயே கார் நடுவழியில் புகைவிட்டு நின்றுவிட்டது. அத்தைக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று.

"எனக்காக ஒருத்தரும் மினக்கெட வேண்டாம். ஏத்தின மருந்து காணும், இனி வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஓட்டோ பிடிக்கலாம் என்ற அம்மாவின் பேச்சும் எடுபடவில்லை. மருந்தை இடையில் விட்டால் அத்தை தப்பமாட்டார் என்று அப்பா பயந்தார்.

காரைக் கட்டியிழுத்துக்கொண்டு நீர்வேலிக் கராச்சுக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். மெக்கானிக் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"அண்ணை, உதுக்குச் செலவழிக்கிற காசுக்கு வேறை கார் வாங்கலாம். பழைய இரும்புக்குக் குடுங்கோ."

அப்பா கேட்கவில்லை. எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள், அம்மா கேட்டிருந்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த எஞ்சினுக்குள் போயின.

கார் வீடு வந்த அன்று அப்பா அத்தையிடம் சொன்னார். "கிழமைக்கு ஒருக்கா யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடாட்டி எஞ்சின் இறுகிப்போமாம். மெக்கானிக் கண்டிப்பாச் சொல்லிப்போட்டான். சும்மா ஓடுற கார்தானே தங்கச்சி, நீயும் ஏறன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காதுவரை சிவந்துபோனார். இப்போது நினைத்தாலும் அந்த முகத்தின் மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம் அண்ணை, காருக்காக வாறன்," என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சைக்கிளை இழந்தவளுக்கு உண்மையின் மேல் திடீரென்று பற்று வந்துவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அடுத்த செவ்வாய் நானும் போனேன். கோப்பாயில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க அப்பா இறங்கியதும், முன் சீற்றில் இருந்த அத்தையின் காதில் போட்டேன்.

"மெக்கானிக் அப்பிடிச் சொல்லேல்லை அத்தை. இரும்புக்குக் குடுக்கத்தான் சொன்னவர்."

அத்தை திரும்பவில்லை. வாளித் தண்ணீர் இடுப்பில் கட்டிய சாரத்தில் சிந்த ஓடிவந்துகொண்டிருந்த அப்பாவையே பார்த்தபடி இருந்தார்.

"அண்டைக்கே தெரியும் பிள்ளை. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. ஆனால் அத்தை பெரிய கள்ளி, கார்ச் சவாரிக்காகத்தான் தெரியாதவர் போல இருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். "எப்பிடி ஓடுது?" என்று அப்பா கேட்கும் போதெல்லாம், "பட்டுப்போலை ஓடுது அண்ணை," என்பார். ஒவ்வொரு குழியிலும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அவ்வளவு சுகமாக்கும் என்று பின்னால் இருந்து நான் பொறாமைப்பட்டேன்.