சாரைப்பாம்புக்குக் கொடுத்த மாத்திரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். சித்திரை வெயிலில் அந்த ஊரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் மனைவி ஒருத்திதான். முகம் ஊதிப்போயிற்று, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. "ஏங்க, ஜில்லுனு இருக்குதுங்க" என்பாள். பிள்ளை குட்டி இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம்.

எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, கழுத்துச் சுரப்பி வேலை செய்யவில்லை என்றார். ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை ஒரு புட்டி கொடுத்தார். "இது உடம்புல சூட்டக் கிளப்பும். தெனம் குடு. அளவு மிஞ்சினா மட்டும் மாரு படபடன்னு அடிச்சிக்கும்" என்றார். அடுத்த வாரமே அவரை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

படபடப்பு என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் மருந்து மிக்ஸ்சர் கலக்கிய கை, அதற்கேற்ற தலைக்கனம். சோதித்துப் பார்க்காமல் அவளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். பாம்பைப் போலக் குளிர்ந்த உயிர் உலகத்தில் ஏது? பாம்பையே சூடாக்கினால் இவளைச் சூடாக்காதா? ஆகா, என்ன மூளை எனக்கு!

கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே எலி தேடி வந்த சாரை ஒன்றைப் பிடித்து, மூடி போட்ட கூடையில் அடைத்து, மருந்து அறையின் இருட்டு மூலையில் வைத்தேன். தவளை வாயில் மாத்திரையைத் திணித்து அதற்குப் போட்டேன். ஜுரம் பார்க்கும் கருவி தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டாது; அதனால் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்து நாளும் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றுதான் இருந்தது.

"அந்த மாத்திரை எங்கங்க?" என்று கேட்டாள் அவள்.

"அது வேலைக்கு ஆகாது. பாம்புக்கே ஒண்ணும் பண்ணல."

"பாம்பும் நானும் ஒண்ணாங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பாவி.

சாரையை வரப்பில் விட்டேன். சற்று நேரம் வெயிலில் கிடந்துவிட்டு ஓட்டமாக ஓடிற்று. அதைக் கண்ணால் பார்த்தும் என் புத்திக்கு உறைக்கவில்லை. அவளுக்கு இன்னொரு கம்பளி வாங்கிக் கொடுத்தேன். மார்கழியில் அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் எழுப்பினேன், எழவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு வடித்துவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். மறுநாளும் நான்தான் தின்ன வேண்டும். தாங்க முடியவில்லை.

தை மாதம் மருந்து வாங்கிவர விழுப்புரம் போனபோது டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை மட்டம் என்று அவர் வாயால் கேட்டால் என் மனம் ஆறும் என்று நினைத்து, பாம்புக் கதையை ஆரம்பித்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், பாம்பு வெயில்ல கெடந்தா சூடாவும், நெழல்ல கெடந்தா ஜில்லுனு ஆவும். அது உடம்புல அடுப்பே கெடயாது. இல்லாத அடுப்ப எத வெச்சி ஊதுவ? மனுசனுக்கு உள்ளயே எரியுது. உன் சம்சாரத்துக்கு அது அணைஞ்சிக்கினு இருந்துது. மாத்திர அத ஊதிவிடும்."

அவளை நான்தான் கொன்றேன். வேறு யாரும் இல்லை, நான்தான்.

"அந்தம்மாவுக்குக் குடுத்துக்கினுதான இருக்க?" என்று கேட்டார்.

"குடுத்துக்கினுதாங்க இருக்கேன்."

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க" என்றேன். பயம்தான், வேறென்ன?

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! நிறுத்திடாத, தீந்துபோயிருக்கும்" என்று அலமாரியைத் திறந்து இன்னொரு புட்டியை என் கையில் வைத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.