அம்மா அழுத்திய வலது கை

கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் கண்மூடிய எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மூத்த மகள் என்ற முறையில் இதை நான் எழுதுகிறேன். உங்களில் பலர் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள். மீதிப்பேர் சண்டையை விலக்குப் பிடிக்க வந்து வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே அவர் பரம சாது, யார் மனதையும் நோகடிக்காதவர் என்று நான் எழுதினால் வாசித்துவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

அப்பா பிறந்தது துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் ஓயாமல் உறுமும் ஓர் ஒழுங்கையில். அவருடைய தகப்பனார் கப்பலில் பாரம் இறக்கும்போது விழுந்து இறந்துபோனார். அப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். சேர்ந்த முதல் வாரமே, தன்னைப் பிடித்துத் தள்ளிய ஒருவனின் முன்பல்லை உடைத்ததை அவர் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தானாகப் படித்து, சுங்கத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வாஃப் கிளார்க் ஆனார். வெள்ளைச் சேர்ட் போட்டார், பேனை பிடித்தார், ஆனால் கை பழைய கைதான்.

அந்தக் கை செய்த நல்லதையும் மறைக்கக் கூடாது. தமிழரைத் தேடி அடித்த கலவரத்தில் கும்பல் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது அப்பா மாடிப்படியில் இரும்புக் கம்பியோடு நின்றார். முதலில் ஏறி வந்தவனின் தோளை உடைத்தார். அவருடைய நெற்றியும் பிளந்தது. இரத்தம் வழிந்து கண்ணை மறைத்தும் அவர் படியை விட்டு நகரவில்லை. மாடியில் ஒளிந்திருந்த மூன்று குடும்பங்களும் தப்பின. அவர்களின் பிள்ளைகளும் இன்று இந்த மலரை வாசிக்கிறார்கள்.

கலியாணம் செய்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அதே கை வீட்டுக்குள் ஓங்கியது. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டாலும் அடி. ஒருமுறை அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு மோதினார். இன்னொருமுறை கன்னத்தில் விட்ட அறையில் அம்மாவின் ஒரு காது மந்தமாகிப் போனது. கீழ்வீட்டு பரீதா அன்ரி ஏறி வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டினார். பிறகு உலக்கையோடு படியில் வந்து நின்றார். “அண்ணன், இன்னம் ஒரு படி எறங்கினா மண்டய ஒடப்பேன்” என்றார். அப்பா இறங்கவில்லை. அவர் வாழ்க்கையில் பின்வாங்கியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

சீனி வருத்தமும் பிறஷரும் சேர்ந்து அப்பாவின் சிறுநீரகங்களைத் தின்று முடித்தன. இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். டயலிசிஸ் ஊசி அந்தக் கையில்தான் ஏறும். தன் இரத்தம் குழாய் வழியாக வெளியே போய் வருவதைக் கண்ட அன்றே அப்பாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஊருக்கே கை ஓங்கிய மனிதர் அந்த மெஷினைக் கண்டு நடுங்கினார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று கத்தினார். தூக்கம் அடியோடு போயிற்று. தூங்காத அப்பா இரண்டு மடங்கு அப்பா. சேலைன் ஸ்டாண்டை உதைத்து விழுத்தினார். உதவியாளர் ஒருவரின் கழுத்தைப் பிடித்தார். ஒருநாள் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்த்து இழுத்ததில் ஊசி கழன்று, இரத்தம் பக்கத்துச் சுவர்வரை பீறிட்டது. இன்னொருமுறை யார்மீதாவது கை வைத்தால் இங்கே இடமில்லை என்று பொறுப்பான டொக்டர் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைப்பது லேசில்லை. மெஷின் இல்லையென்றால் அப்பா இல்லை.

அப்போதுதான் மல்காந்தி மிஸ் எங்களைத் தனியே கூப்பிட்டார். அவர் அங்கே வேலை செய்த தாதி, உடம்பில் சில இடங்களை விரலால் அழுத்திப் பதற்றத்தைத் தணிக்கும் முறையைப் படித்தவர். டொக்டரிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கியிருந்தார். இது மருந்துக்குப் பதில் இல்லை, சிலருக்கு மனம் அடங்கி நித்திரை வரும், சிலருக்கு வராது என்று ஒளிக்காமல் சொன்னார். உள்ளங்காலில் ஒரு குழி. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவில் ஓர் இடம். பெருவிரலை வைத்து, மூச்சோடு சேர்த்து, நிதானமாக அழுத்த வேண்டும். இடது கையை மட்டும் தொடவே கூடாது, அங்கே அழுத்தினால் தைத்த குழாய் அடைத்துவிடும் என்றார். மிச்சம் இருந்தது வலது கை.

முதலில் நான் அழுத்தினேன். எறும்பு ஊர்கிறது என்று அப்பா தட்டிவிட்டார். மிஸ்ஸுக்குப் பார்க்க இன்னும் எத்தனையோ நோயாளிகள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“காலைப் பிடிக்கிறன். அந்தக் கையைத் தொடமாட்டன்” என்றார் அம்மா.

கனடாவிலிருந்து தம்பி போன் எடுத்து, அம்மா கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன என்று கேட்டான். அவ்வளவு அக்கறையென்றால் பிளேன் ஏறி வந்து நீயே அந்தக் கையைப் பிடி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவன் இதை வாசிப்பான். வாசிக்கட்டும்.

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலை மட்டும் அழுத்தினார். சில நாட்கள் அப்பா சற்றுக் கண்ணயர்ந்தார். பல நாட்கள் இல்லை.

ஒருநாள் பாதி டயலிசிஸில் பிறஷர் விழுந்து மெஷின் கத்தத் தொடங்கியது. என்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அப்பாவும் கத்தினார். குனிந்து குழாயைப் பார்த்த மல்காந்தி மிஸ்ஸின் முகத்தில் வலது கையால் ஓங்கி அறைந்தார். மிஸ்ஸின் கண்ணாடி தெறித்துப்போய் விழுந்தது. உதட்டில் இரத்தம். அப்பா மறுபடியும் கையை ஓங்கினார்.

அந்தக் கையை அம்மா எட்டிப் பிடித்தார். அடுத்த அடி அம்மாவுக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா கையைத் திருப்பி, தன் மடியில் மல்லாத்தி வைத்து, இரண்டு நரம்புக்கு நடுவில் பெருவிரலை இறக்கினார். நிதானமும் இல்லை, மூச்சுக் கணக்கும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் முழுவதையும் சாய்த்து அழுத்தினார். வாங்கிய அத்தனை அடியும் அந்த ஒரு விரலில் இறங்கியது. அம்மாவின் நகம் வெளுத்துப் போனது.

“நோகுதடி” என்றார் அப்பா.

“எனக்கும் நொந்தது. இழுக்காதேங்கோ.”

இழுத்திருந்தால் கை வந்திருக்கும். அவரிடம் அந்தப் பலம் இன்னும் இருந்தது. அவர் இழுக்கவில்லை. மிஸ் ஒரு கையால் உதட்டைப் பொத்திக்கொண்டு, “ஹெமின், அம்மா, ஹெமின்” என்று சிங்களத்தில் சொன்னார். மெதுவாக என்று அர்த்தம். அம்மா உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விரல் இளகியது. அப்பாவின் மூச்சு நீண்டது. கண்ணை மூடியபடி, விடாதை என்று முணுமுணுத்தார். மெஷின் நிற்கும்வரை தூங்கினார்.

மல்காந்தி மிஸ் முறைப்பாடு செய்யவில்லை. செய்திருந்தால் அப்பா அந்த மாதத்தையே தாண்டியிருக்க மாட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஊசி ஏறுவதற்கு முன்பே அம்மா வலது பக்கத்தில் கதிரையைப் போட்டு அந்தக் கையை எடுத்துக்கொண்டார். அப்பா யாரையும் அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டார் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அது பொய்.

அவரை மன்னித்துவிட்டீர்களா என்று நான் அம்மாவிடம் நேரேயே கேட்டேன்.

“மன்னிச்சன் எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. அந்தக் கை என்ர கைக்குள்ள இருந்தால் ஆரையும் அடிக்காது. அவ்வளவுதான்.”

அப்பாவின் இதயம் ஒரு காலையில், டயலிசிஸ் இல்லாத நாளில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நின்றது. கனத்தை மயானத்தில் தகனம் செய்தோம். நான் அழுதேன். அவருக்காக அழுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்பாவைப் பராமரித்த டொக்டர்மாருக்கும், அடி வாங்கியும் மனம் கோணாமல் செத்தவீட்டுக்கு வந்து நின்ற மல்காந்தி மிஸ்ஸுக்கும், பரீதா அன்ரிக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒரு நன்றி உண்டு. தகனத்துக்கு அடுத்த நாள் மத்தியானம், வீடு நிறைய ஆட்கள் இருக்க, அம்மா ஹோலில் பாயில் சரிந்து தூங்கிப்போனார். கதவில் சாவி திரும்பினாலே திடுக்கிட்டு எழும்பும் மனுஷி. அன்று கதவு எத்தனையோ தடவை திறந்து மூடியது. அம்மா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். புருஷன் போன மறுநாள் இதென்ன தூக்கம், ஆட்கள் என்ன நினைப்பார்கள், எழுப்பு என்று சித்தி என் காதில் சொன்னார். நான் எழுப்பவில்லை. வாசல்வரை வந்து, அம்மாவைக் கண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கிப் போன உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.