புல் எண்ணெயும் ஒரு கட்டைவிரலும்

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் இனி ஐந்து கிடையாது. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு மொட்டைப் பொத்தான் இருக்கிறது... அவ்வளவுதான்.

அழித்தது நான். உடந்தை ஒரு புல்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஆம்பூர் வெயிலைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே நிறையப் புலம்பியாயிற்று, மறுபடி வேண்டாம். கீழ்வீட்டு எஸ்தர் எட்டிப் பார்த்தாள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் ஷூ கம்பெனியில் வேலை. தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டும் மேஜை அவளுடைய பொறுப்பு.

"இன்னாக்கா, மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு? இருங்க, வர்றேன்" என்று போனவள் ஒரு குட்டி பாட்டிலோடு திரும்பி வந்தாள். எலுமிச்சைப்புல் எண்ணெய். ஆலங்காயத்தில் இருக்கும் நாத்தனார் வாங்கி அனுப்புவதாம்.

"ரெண்டே சொட்டு. தேங்கா எண்ணெயில கலந்து தடவுங்க. ஜாஸ்தி ஆச்சுன்னா எரியும்."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா? கலக்காமல் அப்படியே தடவினேன். நெற்றி எரிந்தது. தலைவலி குறைந்த மாதிரியும் இருந்தது — ஒருவேளை எரிச்சலில் மறந்துபோயிற்றோ என்னவோ! செய்தி பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். ஐந்து, வெள்ளை பெயின்ட்டாகக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நான் சிரித்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... எங்க மேஜையில விழுற கறை இதாலதான்."

கொஞ்ச நாளாகவே அவள் மேஜையிலிருந்து போகும் பளபளப்பான தோல்களில், கட்டைவிரல் அகலத்துக்கு மங்கல் விழுந்துகொண்டிருந்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை. இன்னொரு தடவை ரிஜெக்ட் ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் எஸ்தரிடம் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான்.

"பசை நாத்தத்துல எல்லாருக்கும் தினம் தலைவலிக்கா. நான்தான் இந்த எண்ணெயக் குடுப்பேன். கைய தொடைச்சிட்டுதான் தோலத் தொடுவோம்..."

துடைத்தால் போகிற சங்கதியா அது? இந்தப் புல்லுக்கு எலுமிச்சை வாசனையைக் கொடுப்பது சிட்ரால் என்கிற ரசாயனம். சளிக்கு ஆவி பிடிக்கலாம், கொதிக்கவைத்து டீயாகக் குடிக்கலாம் — எல்லாம் சரி. ஆனால் புல்லைக் காய்ச்சி வடித்த எண்ணெய், சில பெயின்ட்டையும் பாலிஷையும் கூட இளக்கிவிடும். நாமோ, பாட்டிலில் 'இயற்கை' என்று எழுதியிருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். புல் என்ன, நம் நெற்றிக்காகவா இதைத் தயாரிக்கிறது? பூச்சியிடமிருந்து தப்பிக்கத்தான். அதற்கு நெற்றியும் ஒன்றுதான், ஷூவும் ஒன்றுதான்.

சூப்பர்வைசரிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால், பாட்டிலைக் கொண்டுவந்தவள் என்ற பழி. சொல்லாவிட்டால் அடுத்த ரிஜெக்ட். அன்று முழுக்க எஸ்தர் வீட்டில் சமையல் சத்தமே கேட்கவில்லை.

திங்கட்கிழமை பாட்டிலோடு போய்ச் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர், கழித்துப்போட்ட தோல் ஒன்றில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பளபளப்பு போய்விட்டது.

"அட, இதானா! நல்லவேளை சொன்னம்மா" என்றாராம்.

வேலை தப்பித்தது. எனக்கு நிம்மதி. மறுநாளிலிருந்து கம்பெனி கேட்டில் பை சோதனை — எந்தத் தைலமும் உள்ளே போகக் கூடாது. மேஜையில் இருக்கும் பெண்கள் எஸ்தரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஒரே பேஜாரா இருக்குக்கா. தைலமும் போச்சு, தோஸ்துங்களும் போச்சு" என்றாள் நேற்று, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"பசை நாத்தம் வெளிய போறதுக்கு ஒரு ஃபேன் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. பாக்கலாம்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய?

கறை எதனால் என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. தலைவலி எதனால் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை... அது எக்ஸ்போர்ட் ஆகிற சரக்கு இல்லையே!