கமலா டீச்சர் நிரூபிக்காத ஒன்று

கமலா டீச்சர் காலமான செய்தி நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வந்தது. படத்துக்குக் கீழே, "பம்பரம் தமிழன் கண்டுபிடிப்பே என்று நிரூபித்தவர்" என்று போட்டிருந்தார்கள். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜொகூர் மாநிலத்தில் பாலோ பக்கம் எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் வரலாறு. அவர் மேசையில் மூன்று பம்பரங்கள் இருக்கும்: ரப்பர் தோட்டத்துப் பையன்கள் ஆணி அடித்தது, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து ஒருவர் கடைந்து கொடுத்த தட்டையான காசிங், சீனர் கடையில் வாங்கிய தகரப் பம்பரம். "இதுல எது டீச்சர் மொதல்ல?" என்று ஒருமுறை கேட்டேன். ஒரு ரப்பர் கொட்டையைத் துளைத்து, தீக்குச்சியைச் சொருகி, மேசையில் சுற்றிவிட்டார். "இது எந்த ஊருப் பிள்ளைக்கும் தோணும் சார். மொதல்ல யாருக்குத் தோணுச்சுன்னு எனக்குத் தெரியாது."

பம்பரம் ஊர் ஊராகப் பரவிய கதைதான் அவருக்குப் பிடித்தது. "கப்பல்ல வந்துச்சு, ராஜா கொண்டாந்தாருன்னு பெருசா பேசுறாங்க. பள்ளி லீவுல அத்தை வீட்டுக்குப் போறவன் பையில போட்டுக்கிட்டுப் போறான். அடுத்த வாரம் அந்த லயத்து வீடுங்க முழுக்கப் பம்பரம். அத்தை வீட்டுக்குப் போனவன்தான் ஏஜண்டு!"

ஸ்கூடாயில் ஒரு பண்பாட்டு விழாவுக்கு அவரைப் பேச அழைத்தார்கள். மேடையேறும் முன் விழாத் தலைவர், "டீச்சர், நாமதான் கண்டுபிடிச்சோம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க லா. கைதட்டல் பிச்சுக்கும்" என்றார்.

"கைதட்டலுக்கு நீங்க டான்ஸ் வைங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு ஏறியவர், தெரியாது என்றே பேசி இறங்கினார். அடுத்த ஆண்டு அவருக்கு அழைப்பு இல்லை. "தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டா, பிள்ளைங்க அதுக்கப்புறம் தேடாது சார்" என்றார் என்னிடம்.

அந்தத் தலைவர்தான் இப்போது படத்துக்குக் கீழே அந்த வரியை எழுதியவர். எடுத்துவிடச் சொல்லித் தொலைபேசியில் கேட்டேன். "அலமாக், சார்! செத்தவங்களப் பத்தி நல்லதுதானே போட்டிருக்கோம்? பேனரும் அடிச்சாச்சு." டீச்சரின் கணவரிடம் போனேன். "விடுங்க சார். கேக்க நல்லாத்தானே இருக்கு" என்றார், வீங்கிய கண்களோடு. அவரிடம் போய் நான் என்ன வாதாடுவது? பதினாறாம் நாள் அந்தப் பேனருக்குக் கீழேதான் இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவரிடம் படித்த நீங்களாவது அந்த வரியை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் பம்பரம் யாருடையது என்று எவர் கேட்டாலும், "தெரியாது" என்கிறேன். கமலா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல். அவர் அதைச் சிரித்த முகத்தோடு சொல்வார். எனக்கு இன்னும் கோபத்தோடுதான் வருகிறது.